பாசி பார்ப்பதற்கு முன் ஒரு தாள்

எழுதி முடித்தால்தான் தோட்டத்துக்குள் விடுவார்களாம். இதை ஜப்பானில் வேலை பார்க்கிற அக்கா முன்னாடியே சொல்லியிருந்தால் நான் பஸ்ஸை விட்டே இறங்கியிருக்க மாட்டேன். மூன்று நாளாகக் கியோத்தோவில் கோயில் கோயிலாகச் சுற்றுகிறோம். தங்கத் தகடு ஒட்டின கோயில், மலை உச்சி வரைக்கும் சிவப்பு வாசலாக நிற்கிற கோயில், பதினைந்து கல்லைப் பரப்பி வைத்துவிட்டு எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல் மறைந்துவிடும் என்று பெருமையடிக்கிற கோயில். அங்கே நான் நாலு இடத்தில் உட்கார்ந்து எண்ணினேன், பதினாலுதான் வந்தது, சரி, அது உண்மை. ஆனால் எங்கேயும் யாரும் எழுதச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறார்கள். பேனாகூட இல்லை, தூரிகை. நீளமாக ஒரு கூடம், தரை முழுக்கப் பாய், வரிசையாகக் குட்டை மேஜை, மேஜைக்கு ஒரு ஆள், நடுவில் ஒரு கை தூரம், பேசக்கூடாது, போன் எடுக்கக்கூடாது, ஒவ்வொருத்தர் முன்னாலும் ஒரு தாள். எனக்கு இது தெரிந்த இடம்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்குப் பேர் பரீட்சை ஹால். பெஞ்சு மட்டும் இல்லை. உள்ளங்கையில் அதே வேர்வை, வெளியே மழை பெய்து குளிர்கிறது, எனக்கு வேர்க்கிறது. வாசலில் குடையை உதறிக்கொண்டே அக்கா சொன்னாள்: "தாள்ல மெல்லிசா எழுத்து அச்சடிச்சிருக்கும், அதுமேலயே மையால எழுதணும், அவ்வளவுதான். புத்தரோட சூத்திரம். அர்த்தம் தெரிய வேணாம். கடைசில ஒரு வரி காலியா இருக்கும், அதுல உன் வேண்டுதல், பேரு, ஊரு." அம்மா உடனே, "தமிழ்ல எழுதலாமா சிந்துஜா?" என்றாள். "எழுதலாம்மா, புத்தருக்கு எல்லாம் புரியும்." "அப்போ பன்னெண்டாவது பாஸ் பண்ணணும்னு எழுது ரத்னா. நான் எழுதினா பத்தாது, உன் கையால எழுது." நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். செருப்பை ஏற்கெனவே கழற்றியாயிற்று.

எனக்கு எழுத வராது என்று இல்லை. வரும், மெதுவாக வரும். ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஒரு உருவம், சுழிக்கிற இடத்தில் சுழித்து, நிற்கிற இடத்தில் நின்று, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போவேன், அதற்குள் வாத்தியார் போர்டை அழித்துவிடுவார். பத்தாவதில் எப்படியோ தப்பித்தேன். பதினொன்றாவதில் வேதியியல் வாத்தியார் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, "இந்தம்மா எழுதுதா, கோலம் போடுதா, யாராச்சும் சொல்லுங்கப்பா" என்றார். நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கேள்வி சரியான கேள்விதான். பன்னிரண்டாவது அரையாண்டில் மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதினேன். ஐந்தும் சரி. ஆறாவதின் நடுவில் மணி அடித்தது, ஒரு கை வந்து தாளை இழுத்தது, என் பேனா இன்னும் தாளின்மேல் இருந்தது, குறுக்கே நீளமாக ஒரு மைக்கோடு விழுந்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும். யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் நின்றேன், இதை எல்லாரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் ஊரில் "பாவம், படிப்பு ஏறல" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பாவமெல்லாம் ஒன்றுமில்லை. பத்து நாளில் தளி ரோட்டு ரோஜா நாற்றுப்பண்ணையில் சேர்ந்தேன். முதல் வேலை பாசி தேய்ப்பது. பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள் எப்போதும் ஈரம், நடைபாதையெல்லாம் பாசி பிடிக்கும், வழுக்கி விழுந்து ஒரு அக்காவுக்குக் கை ஒடிந்தது, பிளீச்சிங் பவுடரைத் தூவி முட்டி போட்டுப் பிரஷ்ஷால் தேய்க்கணும். அந்தப் பாசியைப் பார்க்கத்தான் இங்கே இரண்டு மாசம் முன்னாடியே விண்ணப்பம் போட்டு, தேதி வாங்கி, மணி வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறோம். சிரிப்பு வருகிறது, கூடத்தில் சிரிக்கக்கூடாது. ஆறு மாசம் கழித்து என்னை ஒட்டுக்கொட்டகைக்கு மாற்றினார்கள், அங்கே ஒரு வருஷமாகிறது. காட்டு ரோஜாத் தண்டில் பட்டையை மட்டும் கீறி, நல்ல ரோஜாவில் துளிர் முளைக்கிற கண்ணை ஒரு நகக்கண் அளவு சீவி எடுத்து, உள்ளே சொருகி நாடா சுற்றணும். கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் செத்துவிடும். நூறு கட்டினால் எனக்குத் தொண்ணூற்றாறு துளிர்க்கும். இருபது வருஷமாகக் கட்டுகிற ராமக்காவுக்கே தொண்ணூற்றிரண்டுதான். இது பெருமைதான், பெருமை இல்லை என்று பொய் சொல்ல எனக்குத் தெரியாது.

பொய் சொல்ல எனக்குத் தெரியாது என்று இப்போது எப்படிச் சொன்னேன். எட்டு நாளாக என்ன செய்துகொண்டிருக்கிறேன். பெங்களூர் ஏர்போர்ட்டில் சோதனை வரிசையில் நிற்கும்போது முதலாளி போன் செய்தார். "ரத்னா, ராமக்காவுக்கு முட்டி போச்சு, இனிமே உக்கார முடியாதாம். கொட்டகையை நீ பாத்துக்கிறியா? பதினேழு பேரு. ஜூலைலேர்ந்து." நான் யோசிக்கவே இல்லை. "பாத்துக்கிறேன் சார்." அம்மா எனக்கு இரண்டு ஆள் முன்னாடி வளையலைக் கழற்றித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். விமானத்தில் சொல்லியிருக்கலாம், தங்கக் கோயிலில் சொல்லியிருக்கலாம், அங்கே அவள் தங்கத் தகட்டைப் பார்த்து, "எப்படித்தான் துடைப்பாங்களோ" என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தாள், நல்ல நேரம், விட்டேன். சிவப்பு வாசல் மலையில் சொல்லியிருக்கலாம், அவளுக்குக் குதிகாலில் கொப்புளம். எப்போதும் ஏதோ ஒன்று. அவள் கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து டுடோரியல் விண்ணப்பம் இருக்கிறது, நிரப்பி, என் போட்டோ ஒட்டி, கையெழுத்து மட்டும் நான் போடணும், ஜூலை ஒன்றாம் தேதி வகுப்பு. வேறு யார் இப்படிச் செய்திருந்தாலும் முகத்துக்கு நேரே முடியாது என்றிருப்பேன். அம்மாவிடம் முடியவில்லை. அவள் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவள், பத்தாவதோடு நின்றவள், முப்பத்துநாலு வயசில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதினாள். நான் அப்போது இரண்டு வயசுப் பிள்ளை, மடியில் கிடந்து அவள் புத்தகத்தைக் கடிப்பேனாம். பாஸ் பண்ணி அங்கன்வாடி டீச்சர் ஆனாள். அந்தச் சான்றிதழ் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. பக்கத்தில் அக்காவுடையது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும். நான் ஒன்பதாவது படிக்கும்போது அடித்தது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் நான் தினமும் சோறு தின்கிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது.

இதை நினைத்துக்கொண்டே தூரிகையை மையில் தொட்டேன், தாளின் தலையில் வைத்தேன், போட்டுவிட்டேன். பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு வேறு. பேனா என்றால் கடுகு மாதிரி இருந்திருக்கும். தூரிகை, அதனால் கட்டைவிரல் பருமனுக்குக் கன்னங்கரேலென்று, மை இன்னும் பளபளவென்று, புத்தர் சூத்திரத்தின் உச்சந்தலையில் எங்கள் பிள்ளையார். அழிக்க முடியாது. தாள் மாற்றிக் கொடுப்பார்களா, வெளியே போகச் சொல்வார்களா, மூன்று பேருக்குமா எனக்கு மட்டுமா, எல்லாப் பரீட்சையிலும் என் தாளில் குறை சொல்ல முடியாத ஒரே இடம் இந்தச் சுழிதான், இப்போது அதுவும் போச்சு. அக்கா எட்டிப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "ஏய், என்னடி பண்ணி வச்சிருக்க!" "கை தானா போட்டுடுச்சு." "புத்தர் கோயில்டி இது. எவ்ளோ கஷ்டப்பட்டு வாங்கின இடம் தெரியுமா?" அதற்குள் கறுப்பு மேலங்கி போட்ட ஒரு கோயில்கார அம்மா சத்தமே இல்லாமல் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். சுழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெல்லிய குரலில் ஏதோ கேட்டாள். அக்கா, "இது என்னன்னு கேக்கறாங்க. மை கொட்டிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்றாள். "ஏன் பொய் சொல்ற? எது எழுதினாலும் முதல்ல இதைப் போடுவோம்னு சொல்லு. தடங்கல் வராம இருக்க. யானைத் தலை சாமியோடது." அக்கா காதெல்லாம் சிவந்து, தலையைக் குனிந்து குனிந்து சொன்னாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே திரும்பி எங்கள் அம்மாவின் தாளைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்று, சின்னதாக, அழகாக. அம்மா வெட்கப்படவே இல்லை, நன்றாகத் தெரியட்டும் என்று தாளைத் திருப்பிக்கூட வைத்தாள். அப்புறம் அந்த அம்மா அக்காவின் தாளைப் பார்த்தாள். அக்கா முழங்கையை மேலே வைத்து மறைத்திருந்தாள். அந்த அம்மா காத்திருந்தாள். அக்கா கையை எடுத்தாள். அங்கேயும்! நாலு வருஷமாக இந்த ஊர்ச் சம்பளக்காரி, போனில் பேசும்போதே குனிந்து வணக்கம் வைக்கிறவள், குச்சியால் வேர்க்கடலை எடுக்கிறவள், அவள் கையும் தானாகப் போட்டிருக்கிறது. கோயில்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் இரண்டும் குலுங்கின, ஏதோ சொல்லிவிட்டு, எழுதுங்கள் என்று கையைக் காட்டி எழுந்து போனாள். "என்னடி சொன்னாங்க?" என்றாள் அம்மா. "ஜாடை வேற வேறயா இருக்கே, ஒரே குடும்பமான்னு நெனச்சாங்களாம். இப்ப சந்தேகம் இல்லையாம்."

எழுதினேன். மேலிருந்து கீழே, வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக. ஒரு எழுத்து ஒரு வீடு மாதிரி இருந்தது, கூரை, தூண், உள்ளே ஒரு ஆள். அடுத்தது மூன்று சொட்டு மழையும் ஒரு வேலியும். எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாதது எவ்வளவு நிம்மதி, யாரும் இதில் கேள்வி கேட்க மாட்டார்கள். தூரிகையை வேகமாக இழுத்தால் முடி பிரிந்து கோடு கிழிகிறது, நிறுத்தி வைத்தால் மை ஊறிப் பரவுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகம் எனக்குத் தெரியும், பட்டை கீறுகிற கத்தியின் வேகம் அது. அழுத்தாமல், விடாமல். அம்மா பதிவேடு எழுதியே பழகினவள், கடகடவென்று போய் மூன்றாவது வரியிலேயே இரண்டு எழுத்தை ஒன்றாக்கிவிட்டாள், "ச்சே" என்று நாக்கைக் கடித்தாள். முன்னால் ஒரு வெள்ளைக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு கிழவிகள், தாளைப் புத்தர் முன்னால் வைத்து, கும்பிட்டு, வெளியே. அக்கா எழுந்தாள், வெளியே இருக்கிறேன் என்று சைகை காட்டினாள். பாய் ஒவ்வொன்றாகக் காலியானது. எனக்கு இன்னும் நாலு வரி. பழைய பயம் திரும்பி வந்தது, நான்தான் கடைசி, எப்போதும் நான்தான் கடைசி, இதோ இப்போது மணி, இதோ இப்போது கை. தாளில் அந்தக் கை வந்து விழப்போகிற மூலைகூட எனக்குத் தெரிந்தது. காலடி கேட்டது. பாயில் துணி உரசுகிற சத்தம் பக்கத்தில் வந்தது. தூரிகையைத் தூக்கிவிட்டேன், கோடு விழக்கூடாது. கோயில்கார அம்மா என்னைத் தாண்டிப் போய், காகிதக் கதவை ஒரு முழம் நகர்த்தினாள். வெளிச்சம் என் தாளில் விழுந்தது. அவ்வளவுதான் அவள் செய்தது. போய்விட்டாள். மழைச் சத்தம் மட்டும். நான் கடைசி நாலு வரியையும் எழுதினேன், ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு தூணும். ஒரு எழுத்துகூட விடவில்லை. பதினெட்டு வயசில் முதல் தடவையாக நான் ஒரு தாளை முழுசாக முடித்தேன். அம்மாவைத் தவிரக் கூடம் காலி, கை தட்ட ஆளில்லை, வேண்டவும் வேண்டாம். அந்தத் தாள் அழகாக இருந்தது. வேறு யாருடையதாவது இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது காலி வரி. அம்மா தன்னுடையதை முடித்துவிட்டு, நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தாளின் கடைசி வரியில் என் பேர் இருந்தது, தேர்ச்சி என்ற வார்த்தை இருந்தது, அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. அவள் என் தூரிகை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எதை வேண்டுமானாலும் எழுதலாம், அவள் சொன்னதையே எழுதிவிட்டு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், புத்தர் கேட்கப்போகிறாரா. ஆனால் இத்தனை எழுத்தை ஒழுங்காக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு பொய்யை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒட்டுப் பிடிக்காது, அழுகிவிடும். மையைத் தொட்டேன். "ஜூலையிலிருந்து" என்று எழுதினேன். அம்மா தலையை ஆட்டினாள், டுடோரியல் ஜூலையில்தானே. "ஒட்டுக்கொட்டகை" என்று எழுதினேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன், அவளும் மெதுவாகத்தான் படிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்து. "என் பொறுப்பு." அவள் தலை ஆடுவது நின்றது. "பரீட்சை எழுத" என்று எழுதித் தூரிகையை மறுபடி மையில் தொட வேண்டியிருந்தது, முனையை ஓரத்தில் வழித்துவிட வேண்டியிருந்தது. "மாட்டேன்." முற்றுப்புள்ளி. இன்னும் இடம் இருந்தது, வேண்டுதல் என்று ஒன்று கேட்கணுமே. "அம்மா கோபத்தில் சாப்பிடாமல் இருக்கக்கூடாது" என்று எழுதினேன். முனிரத்னா. தளி ரோடு. அந்தக் கோயிலில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், ஒருத்தி வெளியே நிற்கிறாள், ஒருத்தி நான். நான் தாளை எடுக்கப் போனேன். "மை காயட்டும்," என்றாள் அம்மா. காய்ந்த பிறகு அவளுடையதைப் புத்தர் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள், என்னுடையதைப் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் போனேன்.

தோட்டம் முழுக்கப் பச்சை, பச்சை என்றால் ஒரு பச்சை இல்லை, மஞ்சளில் நனைந்த பச்சை, கறுப்பாகிற பச்சை, வெல்வெட்டுத் துணியைக் கல்மேலும் வேர்மேலும் போர்த்தி விட்ட மாதிரி. ஆறு மாசம் நான் தேய்த்து எடுத்தது வளர விட்டால் இப்படியா ஆகும், எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது, அப்புறம் கை ஒடிந்த அக்காவை நினைத்ததும் போய்விட்டது. அம்மா குடையோடு முன்னால் போனாள், நான் பின்னால், எனக்குப் பின்னால் அக்கா. ஒரு மரத்தடியில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு ஆள் மண்டியிட்டு, பாசிக்கு நடுவில் முளைத்த புல்லை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் விரலைப் பார்த்தேன். நல்ல விரல். கொட்டகையில் சேர்த்துக்கொள்வேன் அவரை. குளத்தோரம் வளைவில் அம்மா நின்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள். "எப்ப சொன்ன முதலாளிகிட்ட?" "பெங்களூர் ஏர்போர்ட்ல." "எட்டு நாளாச்சு." "ஆமா." "எட்டு நாளா என்கூடவே தின்னுட்டு, என்கூடவே தூங்கிட்டு." "பயமா இருந்துச்சும்மா." "உனக்கா?" என்று திரும்பினாள், கண் சிவந்திருந்தது. "சிந்துஜாவுக்குத் தெரியுமா?" "தெரியாது. இப்ப தெரிஞ்சிருக்கும், ஒட்டுக் கேட்டுட்டு நிக்கறா." "நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் அக்கா பின்னாலிருந்து. அம்மா மூக்கை உறிஞ்சினாள். நான் சமாதானம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, எட்டு நாளுக்கு வேண்டுமானால் கேட்கலாம், கொட்டகைக்குக் கேட்க முடியாது. குளத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. அம்மா குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "எத்தனை பேரு?" "பதினேழு." "எல்லாரும் உன்னவிடப் பெரியவங்களா?" "எல்லாரும். முனியம்மாவுக்குப் பேரன் இருக்கான்." "ஒருத்தரையும் பேரு சொல்லிக் கூப்பிடாத." "இல்லம்மா." "யாருக்காச்சும் உடம்பு சரியில்லைன்னா நீயா போய்க் கேக்கணும். அவங்க வந்து சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கக் கூடாது." "சரி." "அவங்க எத்தனை மணிக்கு வராங்க?" "ஏழு." "அப்ப ஆறரைக்கு நீ அங்க இருக்கணும்." "சரிம்மா." "சரின்னு வாயால சொன்னாப் பத்தாது. இருக்கணும்." "இருக்கேம்மா." அவள் கோபம் போகவில்லை, அது முகத்தில் தெரிந்தது, ஊருக்குப் போகிற வரைக்கும் போகாது, அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இருக்கும். குடையை நிமிர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பாதை ஒருத்தருக்குத்தான் அகலம், இரண்டு பக்கமும் பாசி, மிதிக்கக்கூடாது. நான் இரண்டடி விட்டு, நிமிர்ந்துதான் நடந்தேன்.